எழுத்தும் சின்னமும்

எழுத்து, ஒலியைக் குறிக்கும் வரிவடிவமாகும். அதனை அரசு பொதுவிடத்திற் பொறிக்குமிடத்து, அது சின்னமாகி எழுத்தறியாதார் உள்ளத்தையும் தாக்கவல்லதாகின்றது. இதற்கு இலங்கை வரலாற்றில் 'ஸ்ரீ' எழுத்துச் சிறந்த சான்றாகும்.

திரு என்னும் பொருளையுடைய இவ்வடசொல் சைவர்க்கும் பௌத்தர்க்கும் ஒருங்கே மங்கலமானது. ஆதலின், பூசல் சொல்லைப் பற்றியதன்று. அதனைத் தாங்கிய வரிவடிவத்தைப் பற்றியதேயாம். சிங்களமே அரசகரும மொழியென 1956 இல் சட்டம் இயற்றப்பெற்றது. அதனையடுத்து, வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தைச் சிங்கள 'ஸ்ரீ' பெற்றது. சட்டநூலைக் கண்ணுறாதாரும் இத்தகட்டை நாள்தோறும் தெருவிற் கண்டனர். சட்டம் தொலைவில் நின்றது; சின்னமோ வாயிலில் வந்து நின்றது.

1958 இல் 'ஸ்ரீ' தாங்கிய அரச பஸ் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டபோது, தமிழர் அவ்வெழுத்தை அழித்துத் தமிழெழுத்தைப் பொறித்தனர். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பெற்றது. கிளர்ச்சி மலைநாட்டையும் பற்றியது. நாவலப்பிட்டிக்கு அப்பாலுள்ள பொகவந்தலாவையில், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் இருவர் இரையாயினர். ஏப்ரலில் பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. காலப்போக்கிற் புதிய தகடுகளினின்றும் அவ்வெழுத்து நீங்கிற்று, மாண்டவர் மீண்டிலர்.

ஒரு சாரார்க்குப் பெருமையாய் அமைவது மற்றொரு சாரார்க்கு விலக்காணையாகத் தோன்றுதல் கூடும். சின்னத்தின் பொருளை அதனை வரைந்தோர் மட்டும் வகுப்பதில்லை, காண்போரும் வகுக்கின்றனர். இவ்வுண்மையை மறந்த அரசு, மங்கலச் சொல்லையும் பகைக்கு வித்தாக்கும்.