மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்

மேலதிகாரியை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டாலே கீழ்ப்படியாமை என்று எழுதிவிடுவார்களோ என்று பலருக்குப் பயம். டீக்கடை பெஞ்சில் இதைப் பற்றிப் பேச்சு வராத நாளே இல்லை. "சார், இது என் வேலையா?" என்று கேட்பது குற்றமல்ல. கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில், தண்டனைக்குரிய நடத்தைகளில் முதலில் நிற்பது கீழ்ப்படியாமைதான். தனியாகச் செய்தாலும் கூட்டாகச் செய்தாலும் குற்றம். ஆனால் அந்த உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். மீறியவர் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் ஒருவரைச் சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொன்னால், 2013ஆம் ஆண்டு கையால் கழிவகற்றல் தடைச் சட்டப்படி சொன்னவர்தான் குற்றவாளி. இறங்க மறுத்தவர்மேல் குற்றமில்லை. மெஷின் சத்தத்தில் சூப்பர்வைசர் சொன்னது காதில் விழவில்லை என்றால் அதுவும் கீழ்ப்படியாமை ஆகாது. மற்றபடி, பிடிக்காத உத்தரவு என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது மெமோ. 'மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை' என்று ஒற்றை வரியில் வருவது உருப்படியான குற்றச்சாட்டு அல்ல. எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், யார், என்ன சொன்னார், இவர் என்ன பதில் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் பதில் சொல்ல முடியும். நம் ஆட்களில் சிலர் வீம்புக்கு மெமோவையே வாங்க மாட்டேன் என்பார்கள். இதைவிட முட்டாள்தனம் கிடையாது. தபாலில் பதிவு செய்து அனுப்புவார்கள். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பினால் கொடுத்ததாகவே கணக்கு. வாங்காததையே இன்னொரு குற்றச்சாட்டாகச் சேர்க்கவும் இடம் கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒழுங்கு விதி '17 ஏ', '17 பி' என்றால் பியூன் வரை எல்லோருக்கும் புரியும். முந்தையது கண்டனம், இன்க்ரிமென்ட் நிறுத்தம் போன்ற சிறு தண்டனைக்கு. பிந்தையது பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகும். அதற்கு முறையான விசாரணை வேண்டும். ராணுவத்தில் கதையே வேறு. நேரில் இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டு வரை சிறை.

கோபத்தில் வாய்விடுவதற்கு வேலையே போகுமா? நீதிமன்றங்களே இதில் ஒரே மாதிரி சொன்னதில்லை. 1982இல் ரமாகாந்த் மிஸ்ரா வழக்கில், தகாத வார்த்தை பேசியதற்காகப் பணிநீக்கம் அதிகம் என்று உச்ச நீதிமன்றம் இரண்டு இன்க்ரிமென்டை நிறுத்தியதோடு விட்டது. 2005இல் மஹிந்திரா வழக்கில் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டியவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தும், பணிநீக்கமே சரி என்றது அதே உச்ச நீதிமன்றம். பழைய தீர்ப்பை நம்பி யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

கூட்டமாகப் போனால் கை வைக்க மாட்டார்கள் என்ற தைரியமும் வேண்டாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களைத் தமிழக அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியது அரசு இறங்கி வந்ததால்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய 1946 நிலையாணைகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் நிலையாணை விதிகள் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். அங்கே சஸ்பெண்ட் செய்தால் விசாரணையை வழக்கமாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை பாதிச் சம்பளம்; அதற்கு மேல் தொழிலாளியின் தவறில்லாமல் இழுத்தால் முக்கால் சம்பளம்.

ஆகவே மெமோ வந்தால் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள். நகல் எடுத்து வையுங்கள். கெடு முடிவதற்குள் பதில் எழுதுங்கள். கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள்.