முதல் பத்து நிமிடம் கல்லூரியின் கையில்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்துவந்த ஊர்க்காரர் ஒருவர் சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, வீட்டாரை உடனே வெளியேறச் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் அந்த ஊரில் இருந்தது. அலையின் உயரத்தை மீனவர்களுக்கு அன்றாடம் அறிவிக்கும் ஒலிபெருக்கியும் அங்கேதான் இருந்தது. ஊர் இளைஞர்கள் பூட்டியிருந்த மையத்தைத் திறந்து, எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஏறக்குறைய 3,600 மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு. நம் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான ஊர்களில் இல்லை. நல்லவாட்டில் சேதி கிடைத்தது, அதைச் சொல்லக் கருவி இருந்தது, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அந்தக் கருவியை எடுக்கும் துணிவும் இருந்தது. ஒரு கல்லூரி வளாகத்துக்குத் தேவையானவையும் இவைதான்.

புதுச்சேரி நகரின் வடபுறக் கரையில் இருக்கும் குருசுக்குப்பத்துக்குக் கடலின் ஆபத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதனால் தடைபட்டு, வடபுறக் கடற்கரை அரித்துப் போனது. இன்று குருசுக்குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது கொட்டி வைத்த கருங்கற்கள்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், மணிக்கணக்கில் நகராமல் நின்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. வீடுகளுக்குள் சிக்கிய மக்களை மீட்க ராணுவம் வந்தது.

இதே கரையோர நிலத்தில்தான் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். நகருக்குள் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, இலாசுப்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். குப்பத்துப் பிள்ளைக்குக் கடலின் குணம் தெரியும். கேரளத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. தமிழில் மட்டும் ஒலிக்கும் எச்சரிக்கை அந்தப் பிள்ளையின் காதில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். வளாகத்தில் பேசப்படும் மொழிகள் எல்லாவற்றிலும் அறிவிப்பு முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

சேதி தாமதித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் காட்டியது. 2007 ஏப்ரல் 16 காலை 7.15 மணியளவில் மாணவர் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. அதற்குள் பலர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். சற்று நேரத்தில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்துக்குள் புகுந்தான். அன்று மொத்தம் 32 பேரைக் கொன்றான். ஆபத்து உறுதியானதும் உடனே வளாகம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது.

சேதி வந்த பிறகு வழி வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மேல்மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லாமல் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இசை நிகழ்ச்சி நடக்கவிருந்த திறந்தவெளி அரங்கில் தீயும் இல்லை, புயலும் இல்லை. திடீர் மழைக்கு ஒதுங்க ஒரே வாசல் வழியாகக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. செங்குத்தான படிகளில் விழுந்து நெரிபட்டு நான்கு பேர் இறந்தார்கள். கல்லூரி விழாவுக்குப் பாடகரை ஏற்பாடு செய்பவர்கள் இரண்டாவது வாசலையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் விடுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் இரவில் மகளிர் விடுதியின் கதவுகளைப் பூட்டுகிறார்கள். சாவி காவலாளியிடமோ காப்பாளரிடமோ இருக்கும். நள்ளிரவில் மின்கசிவால் தீப்பிடித்தால், சாவியைத் தேடும் நேரத்தில் மாடிப்படி முழுவதும் புகை நிறைந்துவிடும். வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கும் கதவு, உள்ளே இருப்பவர் சாவியில்லாமலே திறக்கும்படியும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாழ்ப்பாள்கள் கடைகளில் கிடைக்கின்றன.

வழி தெரிந்தும் காத்திருந்தால் பயனில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஒக்காவா தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் நிலநடுக்கம் முடிந்ததும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். எங்கே போவது என்று ஆசிரியர்கள் முடிவெடுக்க முடியாமல் ஏறக்குறைய 50 நிமிடம் கழிந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தும் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் அலைக்குப் பலியானார்கள். அதே நாளில் கமாயிஷி நகரில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தாங்களாகவே மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். அந்த நகரின் ஏறக்குறைய 3,000 பள்ளி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பினார்கள். அவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தரப்பட்டிருந்தது. ஒக்காவாவில் முன்னேற்பாடு போதவில்லை என்ற தீர்ப்பை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது.

இனி, பக்கத்தில் நிற்கும் மாணவர் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

விளையாட்டு மைதானத்தில் ஒருவர் சரிந்து விழுகிறார். தட்டினால் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை. ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் விழுந்தவரின் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். ஆய்வகத்தில் அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எண்ணெயில் பிடித்த தீயின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீயணைப்பான் சிறு தீக்குத்தான் உதவும். அதைப் பிடிப்பவரின் முதுகுப் பக்கம் வாசல் இருக்க வேண்டும். புகைக்குள் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேற வேண்டும், லிஃப்டைத் தொடக் கூடாது. புயல் நேரத்தில் காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே வரக் கூடாது. புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வீசும்.

கல்லூரி வாசலில் சாலை விபத்து நடந்தால், உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அடிபட்டவரை நல்லெண்ணத்துடன் காப்பாற்ற முயல்பவர் மீது வழக்கு வராது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உறுதி தருகிறது. அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நாடு முழுவதும் எல்லா அவசரத்துக்கும் 112, தீயணைப்புக்கு 101, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, 1077. இந்த எண்கள் ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் இருக்க வேண்டும். அவற்றோடு வளாகத்தின் முழு முகவரியும் கட்டடத்தின் பெயரும் எழுதப்பட வேண்டும். பதற்றத்தில் பேசுபவருக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாமல் போவதுண்டு.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அவை அலுவலகக் கோப்பில் கிடந்தால் போதாது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டண விவரம் கேட்கும்போதே இவற்றையும் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது வெளியேற்றப் பயிற்சி நடந்தது? விடுதிச் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது? எல்லோரும் எங்கே கூட வேண்டும், அங்கே தலை எண்ணுபவர் யார்? முதலுதவி தெரிந்தவர் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறாரா? பதில் சொல்லத் தெரியாத கல்லூரியிடம், பதிலோடு வரும்வரை மறுபடி மறுபடி கேளுங்கள்.