தொகுதியில்லாத அங்கத்தினர்

உங்கள் வீட்டு வாசலில் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். தேர்தல் சமயம் அல்ல. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கை கூப்பிக்கொண்டு, "அம்மா, நம் தொகுதிக்கு என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள்" என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இதற்கெல்லாம் யோசிக்கவா வேண்டும்! குழாயில் தண்ணீர் வருவதில்லை. வந்தால் குடிக்க முடிவதில்லை. தெருக்கோடி விளக்கு எரிந்து மாதக் கணக்காகிறது. ஒரு தூறல் போட்டால் சாக்கடை வாசற்படி ஏறுகிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்திலும் ஒரு டஜன் குறைகளைத் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் அவர் உங்களைப் போல் எத்தனை பேருக்குக் காது கொடுக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் 7 கோடியே 21 லட்சம். வகுத்துப் பார்த்தால் அங்கத்தினர் ஒருவருக்குச் சராசரி மூன்று லட்சம் ஜனங்களுக்கு மேல் வருகிறது. இத்தனை பேர் குறையையும் ஒரே நாளில் தீர்த்து வைக்க எவராலும் ஆகாது. ஆகவே எது முதலில், எது பிறகு என்று தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

2022 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர், 234 அங்கத்தினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் கோரிக்கைகளில் முக்கியமான பத்தை எழுதி, மாவட்டக் கலெக்டரிடம் கொடுங்கள் என்றார். பத்தே பத்து! நூறு எழுதுவது சுலபம். பத்து எழுதுவதுதான் கஷ்டம். அந்தப் பத்தில் முதலாவதாக எதை எழுதுவது என்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனித்தீர்களா? வாசலுக்கு வந்து பேசக் கூடியவர்களின் குறை எப்படியும் பட்டியலில் ஏறிவிடும். வாசலுக்கே வர முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் குறையை யார் எழுதுவது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போன ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவருக்குத் தொகுதி கிடையாது. ஒருவரிடமும் அவர் ஓட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவர் மூன்றரை வருஷத்தில் செய்த வேலை இன்னும் நம் வீடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளை கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பதா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் இடம் கொடுத்ததால் ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் டாக்டர் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார் என்றால் அவருடைய நெஞ்சுரத்தைப் பாருங்களேன்!

1921-இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்திருந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாகாணம். ஆனால் சொத்து இருந்தால்தான் ஓட்டு. சொத்தெல்லாம் புருஷர்கள் பெயரில் இருந்த அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் ஓட்டுப் போட்டிருக்க முடியும்? நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். 1926-இல் கமலாதேவி சட்டோபாத்யாயா தேர்தலில் நின்று, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்த வருஷக் கடைசியில் மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது. கை நிறைய வைத்தியத் தொழில். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பதவியை ஏற்கத் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1927 ஜனவரியில் சபையினர் அவரை ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சபை நிறைய ஆண்கள். நடுவே ஒரே ஒரு பெண். எந்தத் தெருவும், எந்த ஊரும் அவருடைய தொகுதி அல்ல. எவருடைய மனுவை முதலில் எடுப்பது? அம்மையார் தம் தொகுதியைத் தாமே வரைந்துகொண்டார். ஓட்டு இல்லாதவர்கள், சபைக்கு வர முடியாதவர்கள், மனு எழுதத் தெரியாதவர்கள்: இவர்கள்தான் என் ஜனங்கள் என்று வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட காரியங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். 1928-இல், பெண்ணுக்கு 16, பையனுக்கு 21 வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். மறு வருஷம் இந்தியா முழுவதற்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயதுதான் வைத்தது. சட்டத்தைவிட அம்மையார் இரண்டு வருஷம் முன்னால் நின்றார்!

பிரசவ வார்டில் பதினாலு வயதுப் பெண்கள் படுகிற பாட்டை நேரில் பார்த்த டாக்டருக்கு அந்த இரண்டு வருஷத்தின் விலை தெரியாதா, என்ன?

ஆனாலும் அவருடைய பட்டியலின் முதல் வரி வேறு. கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட சிறுமிகள்தான் அந்த முதல் வரி.

விவரம் தெரியாத வயதில் ஒரு பெண் குழந்தையைக் கோவிலுக்கு அர்ப்பணித்துவிட்டால், அதற்கு அப்புறம் அவளுக்குக் கல்யாணம் என்பது கிடையாது. அவளைத் தயவுக்கு வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள் மட்டும் உண்டு. 1927 நவம்பரில், இந்த வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் தீர்மானம் என்பது சிபாரிசுதான். அது எவரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டுமானால் மசோதா வேண்டும். இங்கேதான் அம்மையாரின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். தண்டனையில் ஆரம்பிக்காமல் சோற்றில் ஆரம்பித்தார்.

கோவிலில் ஆடிப் பாடிச் சேவை செய்வதற்காகச் சில குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. சேவை நின்றால் நிலம் போய்விடும். தாய்க்கு வயதாகிவிட்டால், நிலத்தைக் காப்பாற்ற மகளுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். மகளுக்கு வயதானால் பேத்திக்கு. தாயைக் குற்றம் சொல்லி என்ன பயன்? உலையில் கொதிக்கிற அரிசி அந்த நிலத்திலிருந்துதானே வருகிறது!

1928-இல் அம்மையார் கொண்டுவந்த மசோதா இந்த முடிச்சை அவிழ்த்தது. இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். சேவை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. ஒரு சிறு தீர்வையைக் கட்டிவிட்டு நிலத்தை அந்தப் பெண்ணே தன் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. 1929-இல் அது சட்டமாயிற்று. இனிமேல் நிலத்துக்காக ஒரு தாய் தன் பெண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாஸ்திரம், சம்பிரதாயம் என்று சபையிலும் வெளியிலும் எதிர்த்தவர்கள் உண்டு. அது போகட்டும். யாருக்காகப் பாடுபட்டாரோ, அவர்களிலேயே பலர் சங்கம் கூடி எதிர்ப்பு மனு அனுப்பினார்கள். "எங்கள் சங்கீதமும் நாட்டியமும் என்ன ஆவது? எங்கள் குலத்தில் பெண்ணுக்கு இருக்கும் சொத்துரிமை வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கு இருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். அதே குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்களோ, இந்த வழக்கம் ஒழிந்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவந்தார்கள்.

எதிர்த்தவர்களின் பயம் முழுக்க வீண் என்று இன்று நாம் சொல்லிவிட முடியாது. பின்னாளில் அதே நாட்டியம் சபா மேடைகளில் ஏறிப் பெருமை பெற்றபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பல ஒதுங்கி நிற்கும்படி ஆயிற்று. இது உண்மை. ஆனால் பொட்டுக் கட்டப்பட இருந்த எட்டு வயதுக் குழந்தை எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்லவே! அவளிடம் மனுவும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவளுக்காக எழுந்து நிற்க ஒருத்தி வேண்டியிருந்தது. அந்தக் குலத்துத் தாய்க்குப் பிறந்த ஒருத்தியே எழுந்து நின்றாள்.

1930-இல், பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது ஜனங்களின் அபிப்பிராயத்துக்குச் சுற்றுக்கு விடப்பட்டது. அந்த மே மாதத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் காந்திஜி கைதானார். அம்மையார் சட்டசபைப் பதவியை ராஜிநாமா செய்துவிட்டார். தம் உயிராக நினைத்த மசோதா பாதி வழியில் கிடக்கிறது. பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நிறைவேற்றிவிடலாமே என்று அவர் மனம் தவிக்காமல் இருந்திருக்குமா? ஆனாலும் எழுந்து வந்துவிட்டார்.

வந்தவருக்கு வேலை வாசலிலேயே காத்திருந்தது. அதே 1930-இல், தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதியில் இடம் கேட்டுப் போன இடத்தில் குலத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் வழக்கத்தை நிறுத்தலாம். நிறுத்தப்பட்ட பெண் இராத்திரி எங்கே படுப்பாள்? அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அடையாற்றில் அவ்வை இல்லத்துப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும்போது, அந்த மூன்று பெண்களையும் ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.

பாதியில் நின்ற மசோதா என்ன ஆயிற்று? தேசம் சுதந்திரம் பெற்ற 1947-ஆம் வருஷத்தில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்தபோது சட்டமாயிற்று. பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவது குற்றம், முன்பே கட்டப்பட்டவளும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அது சொல்லிற்று. விதை போட்டுப் பதினேழு வருஷம் கழித்துப் பலன்! விதைத்தவர் அப்போது சபையிலேயே இல்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்தைப் பல வருஷம் மனத்தில் சுமந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்க வைத்தார். 1968-இல் காலமானார். தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த எத்தனையோ பெண்களுக்கு, மேலே அச்சாகியிருந்த பெயர் யாருடையது என்று தெரிந்திருக்காது. அதனால் என்ன? உதவி போய்ச் சேர்ந்தது அல்லவா!

இப்போது வாசலில் நிற்கிற அங்கத்தினரிடம் திரும்பி வருவோம். பாவம், வெகுநேரமாக நிற்கிறார்.

தெருவிளக்கையும் சாக்கடையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முதலில் பிடிக்க வேண்டியவர் உங்கள் வார்டு கவுன்ஸிலர். அந்த வேலைகள் நகராட்சி, மாநகராட்சியைச் சேர்ந்தவை. சட்டமன்ற அங்கத்தினருக்கே உரிய ஆயுதங்கள் வேறு. அவர் சபையில் கேள்வி கேட்கலாம். மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். மந்திரி சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறிற்றா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. ஜனங்களின் மனுக்களைப் பரிசீலிக்க மனுக்கள் குழு இருக்கிறது. சட்டத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்லலாம். ஒரு சிறு திருத்தம் எத்தனை குடும்பங்களின் முடிச்சை அவிழ்த்தது என்று இப்போதுதானே பார்த்தோம்!

சபையில் பெண்கள் அதிகம் இருந்தால் இந்த வேலை சுலபமாகலாம். ஆனால் 2021 தேர்தலில் 234 பேரில் 12 பெண்கள்தான் ஜயித்தார்கள். ஆகையால் அங்கத்தினர் ஆணோ பெண்ணோ, அவர் காதில் போட வேண்டியதைப் போடும் பொறுப்பு நமக்கும் இருக்கிறது.

ஆகவே அவரிடம் உங்கள் வீட்டுக் குறையைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவளின் பெண், எட்டாம் வகுப்போடு ஏன் நின்றுவிட்டாள்? எதிர்வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பணம் ஏன் வரவில்லை? அவர்கள் அங்கத்தினரைத் தேடி வரப் போவதில்லை. நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

நீங்கள்தான் வாசலில் நிற்கிறீர்கள். அந்தப் பத்தில் முதல் வரியாக அவர்களை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை இரண்டாவதாக எழுதிக்கொள்ளட்டும்.