பரங்கிப்பேட்டையில் ஒரு நபித்தோழரா?

நபித்தோழர்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் சொல்லப்படும் சம்பவங்களில், கேட்பவர் கண்ணைக் கலங்க வைப்பதில் உக்காஷாவின் கதைக்கு ஈடு குறைவு. மண்ணடி, ராயபுரம், சாத்தாங்காடு என்று வடசென்னையில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நபிகள் நாயகம் இறுதி நோயில் மக்களைக் கூட்டி, தம்மால் யாருக்காவது அடி விழுந்திருந்தால் இப்போதே திருப்பி அடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உக்காஷா எழுகிறார், ஒரு பயணத்தில் நபியின் சாட்டை தம் மீது பட்டதாகச் சொல்கிறார். பிலால் போய் ஃபாத்திமாவின் வீட்டிலிருந்து சாட்டையை வாங்கி வருகிறார். அபூபக்கரும் உமரும் அலியும் தங்களை அடிக்கும்படி மன்றாடுகிறார்கள். அன்று தம் மேனியில் துணி இல்லை என்கிறார் உக்காஷா. நபிகள் சட்டையை விலக்கியதும் சாட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து முத்தமிடுகிறார்.

இதே உக்காஷா கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் அடங்கியிருப்பதாக அவ்வூர் மரபு சொல்கிறது. மஹ்மூது பந்தர் என்ற பெயரும் கொண்ட அந்தத் துறைமுகத்தில் அவர் பெயரால் தர்கா இருக்கிறது. அடக்கத்தலத்தைத் தரிசிக்கும் ஸியாரத்துக்கு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். ஆக, உக்காஷாவைப் பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கதை நடந்ததா? கபர் (அடக்கத்தலம்) அவருடையதா?

உக்காஷா பின் மிஹ்ஸன் கற்பனை மனிதர் அல்ல. பத்ருப் போரில் கலந்துகொண்டவர். விசாரணையின்றிச் சொர்க்கம் புகும் எழுபதாயிரம் பேரில் தாமும் ஒருவராக வேண்டும் என்று முந்திக்கொண்டு கேட்டவர் அவர் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. சாட்டைக் கதையின் நிலை வேறு. அது தப்ரானியின் (இறப்பு 971) தொகுப்பில், அப்துல் முன்இம் பின் இத்ரீஸ் என்பவர் தம் தந்தை வழியாக வஹப் பின் முனப்பிஹிடமிருந்து அறிவித்ததாக வருகிறது. வஹபின் பெயரில் பொய் சொல்பவர் என்று அப்துல் முன்இமை அஹ்மத் பின் ஹன்பல் ஒதுக்கினார். தந்தை இறந்தபோது இந்த மகன் பால்குடிக் குழந்தை என்றும் அறிவிப்பாளர் வரலாற்று நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. பால்குடிக் குழந்தை தந்தையிடம் ஹதீஸ் பாடம் கேட்டிருக்க முடியாது. 1201இல் இறந்த இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்டவற்றுக்கென்றே எழுதிய நூலில் இக்கதையைச் சேர்த்தார்.

என்றாலும் கதையின் கரு அடியோடு பொய்யில்லை. உசைத் பின் ஹுளைர் என்ற தோழர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தபோது நபிகள் அவர் விலாவில் குச்சியால் குத்தியதும், அவர் பதிலுக்குப் பதில் கேட்டதும், நபிகள் சட்டையை உயர்த்தியபோது கட்டிக்கொண்டு முத்தமிட்டதும் அபூதாவூதின் தொகுப்பில் உள்ளன. சில வரிகளில் முடியும் சிறு சம்பவம். மரணப்படுக்கை, கூட்டம், ஃபாத்திமாவின் வீடு எதுவும் அதில் இல்லை. நாடகம் கூடக் கூட ஆதாரம் மெலிவது இவ்வகைக் கதைகளில் அடிக்கடி காணக்கூடியது.

இத்தகைய சோதனையைத் தொடங்கியவர்கள் முஸ்லிம் அறிஞர்களே. மேற்கத்திய ஆய்வாளர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது முறைப்பட்டுவிட்டது. மூன்றாவது கலீஃபா உஸ்மான் 656இல் கொல்லப்பட்ட பிறகு கட்சிகள் பிரிந்தன; கட்சிக்கொரு கதை பிறந்தது. அதன் பிறகுதான் உனக்கு யார் சொன்னது என்று கேட்கும் வழக்கம் வந்ததாக பஸ்ராவின் இப்னு சீரீன் (இறப்பு 728 அளவில்) குறிப்பிட்டிருக்கிறார். சொன்னவர் யார், அவர் எப்போது பிறந்து எப்போது இறந்தார், தமக்குச் சொன்னவரைச் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றல் எப்படி, வேறு யாராவது இதையே சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். பொய்யர்களைப் பிடிக்க அதிகம் உதவியது ஆண்டுக்கணக்குதான்.

யார் நபித்தோழர் என்பதையும் வரையறுத்தாக வேண்டியிருந்தது. நபியை நம்பிக்கையாளராகச் சந்தித்து, முஸ்லிமாகவே இறந்தவர் என்பது பெரும்பாலோர் ஏற்ற வரையறை. கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (இறப்பு 1449) 'அல்இஸாபா' நூலில் 12,000க்கும் மேற்பட்ட பதிவுகளை எழுத்துவாரியாகத் தந்து, ஒவ்வோர் எழுத்தின் கீழும் நான்கு பிரிவுகள் வைத்தார். நான்காவது, தவறுதலாகத் தோழர் என்று எண்ணப்பட்டவர்களுக்கு உரியது.

அந்த நான்காம் பிரிவில் ஓர் இந்தியர் இருக்கிறார். பஞ்சாபின் பட்டிண்டாவைச் சேர்ந்த ரத்தன். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், அதாவது நபிக்கு 600 ஆண்டுகளுக்குப் பிறகு, தாம் நபியை நேரில் கண்டவர் என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. அவரிடம் கேட்டதாகச் சொல்லி ஹதீஸ்களும் கிளம்பின. டமாஸ்கஸ் அறிஞர் தஹபி (இறப்பு 1348) அவரை மறுக்கத் தனி நூலே எழுதினார். அன்று உயிரோடிருந்த எவரும் நூறு ஆண்டுகளுக்குப் பின் இருக்க மாட்டார்கள் என்று நபிகள் தம் கடைசி நாள்களில் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கடைசித் தோழராக அறியப்படும் அபூதுஃபைல் ஹிஜ்ரி 100க்கும் 110க்கும் இடையே மறைந்தார். ரத்தனின் உரிமைகோரலுக்கு இதன் பிறகு இடமில்லை. ஆனாலும் அகராதியாசிரியர் ஃபைரூஸாபாதி விடவில்லை. தாம் இந்தியா சென்று ரத்தனின் ஊரைப் பார்த்ததாகவும், அங்கே அவரை நம்புவோர் ஏராளம் என்றும் இப்னு ஹஜரிடமே வாதாடினார். ஓர் ஊரே நம்புவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பேரறிஞர்களையும் விடவில்லை.

பரங்கிப்பேட்டைக்கும் இதே ஆண்டுக்கணக்கு பொருந்தும். ஆரம்பகால நூல்களின்படி உக்காஷா ஹிஜ்ரி 11இல் (632), நபி மறைந்த சில மாதங்களுக்குள், நடு அரபு நிலத்தில் துலைஹா என்பவரின் படையோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டார். துருக்கியின் காசியான்டெப் மாகாணத்திலும் அவர் பெயரில் ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கு அரபு வணிகர்கள் வந்தது உண்மை. அவர்களில் உக்காஷா என்ற பெயருள்ள பெரியவர் ஒருவர் இங்கே அடங்கியிருக்கலாம். பெயர் ஒன்றாக இருந்தால் பிற்காலத்தவர் புகழ்பெற்றவரையே நினைத்துக்கொள்வார்கள்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளத்தின் தமீமுல் அன்சாரி தர்கா இன்னும் சிக்கலானது. பேழையொன்று கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கியதாக அங்கே வாய்மொழி மரபு. அன்சாரி என்ற அடைமொழி மதீனாவாசிகளுக்கு உரியது. அப்படிப்பட்ட தமீம்கள் தோழர் பட்டியலில் சிலர் உண்டு. புகழ்பெற்றவரோ தமீமுத் தாரி: பாலஸ்தீனப் பகுதிக் கிறிஸ்தவராக இருந்து ஹிஜ்ரி 9இல் இஸ்லாத்தை ஏற்றவர், பிற்காலத்தில் பாலஸ்தீனம் திரும்பியவர். கப்பல் அலைக்கழிந்து ஒரு தீவில் ஒதுங்கி, சங்கிலியில் கட்டுண்ட தஜ்ஜாலை (இறுதிக்காலப் பொய்யனை) கண்டதாக அவர் சொன்ன செய்தி முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. அதைச் சுற்றி, ஜின்கள் அவரைத் தூக்கிச் சென்று பல்லாண்டு அலையவிட்டதாகவும், திரும்பியபோது மனைவிக்கு மறுமணம் நடக்கவிருந்ததாகவும் ஒரு பெருங்கதை வளர்ந்து மலாய், தக்கினி மொழிகளில் பரவியது. கடலில் அலைந்தவர் கதை கடற்கரை ஊரில் வேரூன்றியதில் வியப்பில்லை. கோவளத்துக் கபரில் இருப்பவர் இவர்களில் ஒருவர் என்று காட்ட ஆரம்பகால நூல் எதுவும் துணை நிற்பதில்லை.

கபர் யாருடையது என்ற குழப்பத்தால் பெரிய கேடு வந்துவிடாது. தஅலபா பின் ஹாத்திபின் கதை அப்படியல்ல. ஏழையாக இருந்தவரை பள்ளிவாசலிலேயே கிடந்தார், நபியின் துஆவால் (பிரார்த்தனையால்) ஆடுகள் பெருகியதும் தொழுகையை விட்டார், ஜகாத் என்ற கட்டாய தானத்தை மறுத்தார் என்பது பணக்காரர்களை எச்சரிக்கப் பயான்களில் எடுக்கப்படும் கதை. அதன் அறிவிப்பாளர் வரிசையில் உள்ள அலி பின் யஸீத் என்பவர் ஏற்கத்தகாதவர் என்று புகாரியே கணித்தார். தஅலபாவோ பத்ரில் போரிட்டவராகப் பட்டியலிடப்பட்டவர். அறிஞர் இப்னு ஹஸ்ம் இக்கதையைப் பொய் என்றார்; இப்னு ஹஜரும் ஐயம் எழுப்பினார். இறந்துபோன ஒருவர் மீது ஆதாரமின்றி நயவஞ்சகப் பட்டம் சுமத்துவது, கேட்பவருக்குப் படிப்பினை கிடைக்கிறது என்பதற்காக நியாயமாகிவிடாது.

வரலாற்றுச் செய்திகளுக்குச் சட்டச் செய்திகள் அளவு கெடுபிடி காட்டப்படவில்லை என்பதும் உண்மை. ஹதீஸ் அறிஞர்கள் ஒதுக்கிய வாகிதியிடமிருந்துகூடப் போர் விவரங்களை வரலாற்றாசிரியர்கள் எடுத்தார்கள். தோழர்களின் சிரியப் படையெடுப்பை 'புதூகுஷ்ஷாம்' என்று காப்பியமாக்கிய காயல்பட்டினத்துச் சேகனாப் புலவரை அறிவிப்பாளர் தராசில் நிறுத்துவதும் பொருந்தாது. அவர் பாடியது காப்பியம்.

மேடையில் சொல்வது வேறு. மண்ணடியில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் போன்ற அமைப்புகள் பலவீனமான ஹதீஸ்களைத் தமிழிலேயே வெளிப்படையாக விவாதித்ததும், ஹதீஸ் தொகுப்புகள் தமிழில் அச்சானதும், எந்தக் கிதாபில் இருக்கிறது என்று பயான் கேட்பவரே கேட்கும் நிலையைக் கொண்டுவந்தன. மத்ரஸாக்களில் பழைய நூல்களிலிருந்து கற்பிக்கப்படும் விதியும் இதற்குத் தொலைவில் இல்லை. ஆர்வமூட்டுவதற்காகப் பலவீனமான செய்தியைச் சொல்வதைப் பல அறிஞர்கள் அனுமதித்தார்கள். ஆனால் அது கடுமையான பலவீனமாக இருக்கக் கூடாது, மார்க்கத்தின் பொதுவான அடிப்படைக்குள் அடங்க வேண்டும், உறுதியானதென்று நம்பக் கூடாது என்று இப்னு ஹஜர் நிபந்தனைகளைத் தொகுத்தார். இட்டுக்கட்டப்பட்டதை, அது இட்டுக்கட்டு என்று சொல்லாமல் அறிவிப்பதே கூடாது. உக்காஷாவின் சாட்டைக் கதை இந்தக் கடைசி வகையில் வருகிறது. தஅலபாவின் கதை முதல் நிபந்தனையையே தாண்டுவதில்லை.