நேர்ச்சையைக் காத்துவரும் ஓர் ஊர்

முன்னோர் விட்டுச்சென்ற நிலத்திற்கும் வீட்டிற்கும் பத்திரம் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற பாட்டிற்கும் கூத்திற்கும் நேர்ச்சைக்கும் பத்திரம் இல்லை. ஊரார் ஒன்றுகூடித் திட்டமிட்டுப் பேணாவிடில், அவை ஒரே தலைமுறையில் மறைந்துபோகும். அவ்வாறு மறையாதபடி ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் தன் செல்வத்தைக் காத்துவரும் ஓர் ஊரைப் பற்றி நம் வாசகக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவில், ஆல்ப்ஸ் மலைச் சாரலில் அமைந்துள்ளது ஓபராமர்காவ். மக்கள்தொகை ஏறக்குறைய 5,000. மரச் சிற்பத்திற்கும், வீட்டுச் சுவர்களில் தீட்டப்பெற்ற வண்ண ஓவியங்களுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கொள்ளைநோய் அங்கே பரவிப் பலரை மாய்த்தது. 1633-ஆம் ஆண்டில் ஊர்மக்கள் ஆண்டவரின் திருப்பாடுகளைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நாடகமாக நடிப்பதாக நேர்ந்துகொண்டனர். அதன்பின் அந்நோயால் அவ்வூரில் ஒருவரும் இறக்கவில்லை என்பது அவர்களது மரபுச் செய்தி. 1634-இல் முதல் நாடகம் நடந்தேறியது.

ஊரே பொறுப்பு

நேர்ச்சையை நிறைவேற்றுவது எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. 1770-இல் ஆட்சியாளர் தடைவிதித்தார். முதல் உலகப்போரின் விளைவால் 1920-இல் நடக்கவேண்டியது 1922-இல் நடந்தது. இரண்டாம் உலகப்போரால் 1940-இல் நடைபெறவேயில்லை. 2020-இல் கொரோனா நோய் குறுக்கிடவே, நாடகம் 2022-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கொள்ளைநோயின்போது பிறந்த நாடகம், மற்றொரு கொள்ளைநோயால் இரண்டாண்டு காத்திருந்தது!

இத்தனை இடர்களுக்கிடையிலும் அது நிலைத்ததற்குக் காரணம், ஊர் தனக்கென வகுத்துக்கொண்ட ஒழுங்கே. வெளியூர் நடிகர்களைக் கூலிக்கு அமர்த்துவதில்லை. அவ்வூரில் பிறந்தவர்கள், அல்லது இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள் மட்டுமே மேடையேற உரிமை பெறுவர். சிறுவர்க்கு மட்டும் இவ்விதியில் தளர்வு உண்டு. நாடகத்திற்கு முந்திய ஆண்டின் சாம்பற் புதன் முதல், நடிப்போர் முடியும் தாடியும் வளர்க்கத் தொடங்குவர். முக்கிய முடிவுகளை நகராட்சி மன்றம் எடுக்கிறது. நாடகத்தைப் பிற்பகலில் தொடங்கி இரவில் முடிக்கலாமா என்னும் வினா எழுந்தபோது, 2007-இல் ஊர்மக்கள் வாக்களித்தே அதனை முடிவுசெய்தனர்.

காப்பதும் திருத்துவதும்

ஆயினும், இவ்வூர் சந்தித்த மிகக் கடுமையான சோதனை போரோ நோயோ அன்று. தன் சொந்த நாடக ஏடே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பங்குக்குருவாயிருந்த டைசன்பெர்கர் அடிகளார் சீரமைத்த ஏட்டை மக்கள் உயிரெனப் போற்றினர். ஆனால் அதில் யூத மக்கள் அனைவருமே ஆண்டவரின் மரணத்திற்குக் குற்றவாளிகள் என்னும் தோற்றம் இருந்தது. 1934-இல் ஹிட்லர் வந்து இந்நாடகத்தைக் கண்டார். அவரது ஆட்சியில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமையை உலகம் அறியும்.

ஆண்டவரின் பாடுகளுக்காக அன்றைய யூதர் அனைவரையுமோ, இன்றைய யூதரையோ குற்றஞ்சாட்டலாகாது என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் தெளிவாக அறிவித்தது. அப்படியிருந்தும் 1970-இல் பழைய ஏடே பெரிய மாற்றமின்றி நடிக்கப்பட்டது. யூத அமைப்புகள் அதைப் புறக்கணிக்குமாறு வேண்டின. மியூனிக் பேராயர் கர்தினால் டோப்னர் திருச்சபையின் ஒப்புதலை வழங்க மறுத்தார். முன்னோர் ஏட்டைத் தொடலாகாது என்போர் ஒருபுறமும், திருத்தியே ஆகவேண்டும் என்போர் மறுபுறமுமாக ஊர் பிளவுண்டது. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறோர் ஏட்டை 1977-இல் ஒத்திகையாக நடித்துப் பார்த்தனர். ஊரார் அதனை ஏற்கவில்லை.

திருத்தம் மெல்ல மெல்லவே வந்தது. 1990-இல், முப்பது வயதுகூட நிரம்பாத கிறிஸ்தியான் ஸ்டூக்கிள் நாடகத்தை இயக்கினார். மணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களும் நடிக்கலாகாது என்றிருந்த பழைய தடையை அதே ஆண்டு நீதிமன்றம் நீக்கியது. 2000-இல் ஏடு பெரிதும் திருத்தப்பட்டது. இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் மக்கள்மேலும் வரட்டும் எனக் கூட்டம் கூவும் பகுதி அகற்றப்பட்டது. ஆண்டவர் யூதராகப் பிறந்து யூதராகச் செபித்தார் என்பதை 2010-ஆம் ஆண்டு நாடகம் எபிரேயச் செபத்தின் வாயிலாகவே காட்டியது. 2022-இல் துருக்கிய வழிவந்த இசுலாமிய இளைஞர் ஒருவர் யூதாசாக நடித்தார்.

நேர்ச்சையை ஊர் கைவிடவில்லை; அந்த நேர்ச்சையின் பெயரால் அயலாரைப் புண்படுத்தியதையே கைவிட்டது. எதைக் காப்பது, எதைத் திருத்துவது என்று பகுத்தறிய ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் தங்களுக்குள் வாதாட வேண்டியிருந்தது.

நம் பங்குகளில்

நம் தமிழகப் பங்குகள் பலவற்றிலும் பாஸ்கா நாடகம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதன் கையெழுத்து ஏடு இன்று யாரிடம் உள்ளது? அதன் பாடல்களை மெட்டோடு பாடத் தெரிந்தவர் எத்தனை பேர்? அவர்கள் மறைந்தபின் யார் பாடுவார்? பங்குப் பேரவை இவ்வினாக்களை ஒருநாள் எடுத்துப் பேசுமாயின் வழி பிறக்கும். ஏட்டைப் படியெடுத்துப் பங்கு இல்லத்தில் வைக்கலாம். முதியோர் பாடுவதை ஒலிப்பதிவு செய்யலாம். தவக்காலம் வருமுன்னே சிறுவர்களை அவர்களிடம் அனுப்பிக் கற்பிக்கலாம். ஏட்டில் பிற இனத்தாரையோ, பிற சமயத்தாரையோ இழித்துரைக்கும் சொல் இருக்குமாயின், அதனைக் குருவானவரோடும் பெரியோரோடும் கலந்து பேசித் திருத்தவும் நாம் அஞ்சலாகாது.

ஓபராமர்காவின் அடுத்த நாடகம் 2030-இல் நடைபெறவிருக்கிறது. அதில் மேடையேறவிருக்கும் சிறுவர் சிறுமியர் இப்போது அவ்வூரில் வளர்ந்துகொண்டிருக்கின்றனர். நம் பங்கின் பாஸ்காவிற்கும் அத்தகைய பிள்ளைகளை ஆயத்தம் செய்வது பெற்றோராகிய நம் கடமையன்றோ?