சர்வரின் நாட்குறிப்பு

புதுச்சேரி மக்களுக்கு நாட்குறிப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை எழுதிவைத்த குறிப்புகள் இல்லையேல், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். கப்பல் வந்த நாள், கவர்னரிடம் பேசிய பேச்சு, ஊரில் எழுந்த வழக்கு ஆகிய யாவும் அதில் உண்டு. அந்நூலைப் பயிலும் வரலாற்று மாணவன் ஒவ்வொரு வரியையும் நோக்கி, இது எப்போது நிகழ்ந்தது, யார் சொன்னது, இதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கப் பழகுகிறான். இன்று நான் பேச வந்திருப்பது இயந்திரம் எழுதும் நாட்குறிப்பைப் பற்றி. அதனையும் இந்த மூன்று கேள்விகளோடுதான் படிக்க வேண்டும்.

நிலப்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண் முதலிய செய்திகளை ஒழுங்குபட வைத்து, கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துத் தரும் ஏற்பாட்டைத் தரவுத்தளம் என்கிறோம். அதனை இயக்கும் நிரலும் அந்நிரல் குடியிருக்கும் கணிப்பொறியும் சர்வர் எனப்படும். வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் விடியற்காலையில் உறுப்பினர் கொணரும் பாலின் அளவும் கொழுப்பும் கணிப்பொறியில் பதிவாகின்றன. ஒருநாள் எழுத்தர் பெயரை அழுத்துகிறார். திரையில் இணைப்பு இல்லை என்று வருகிறது. கையில் பால் கேனோடு நாற்பது பேர் நிற்கிறார்கள். நேற்று மாலை ஊற்றிய பாலுக்குக் கணக்கு உண்டா, போயிற்றா என்று ஒரு மூதாட்டி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்லலாகாது. விடை சர்வரின் நாட்குறிப்பில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். சர்வர் இரண்டு வகைப் பதிவுகளை எழுதுகிறது. ஒன்று, மனிதர் படிப்பதற்கான நாட்குறிப்பு. மற்றொன்று, இயந்திரம் தனக்கென்றே எழுதிக்கொள்ளும் பரிவர்த்தனைக் குறிப்பேடு. நம் கடைத்தெரு வணிகர் அன்றன்றைய வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் பெயர்த்தெழுதுவார் அல்லவா? தரவுத்தளமும் அவ்வண்ணமே, மாற்றத்தை முன்னதாகக் குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் பதிந்தது உறுதியான பின்னரே 'ஆயிற்று' என்று சொல்லும். பேரேட்டைச் சாவகாசமாகத் திருத்தும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'லாக்' என்றே பெயர் அமைந்தது ஒரு தீவினை. போஸ்ட்கிரஸ் எனும் புகழ்பெற்ற தரவுத்தளத்தில் இக்குறிப்பேடு இருந்த கோப்புறைக்குப் 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயர் இருந்தது. இது வெறும் பழைய நாட்குறிப்புதானே என்று எண்ணி, வட்டில் இடம் போதாதபோது அதை அழித்துத் தம் தரவுத்தளத்தையே பாழாக்கிக்கொண்டவர் உண்டு. ஆகவே 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அதன் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு பெயர் செய்த கேட்டை மற்றொரு பெயரால் தடுத்தது நல்ல காரியம் என்பது என் கருத்து.

இனி நாட்குறிப்பின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். வரியின் தொடக்கத்தில் நேரம் இருக்கும், அடுத்து, எழுதிய செயல்முறையின் எண், பிறகு, செய்தியின் தரத்தைக் குறிக்கும் ஒரு சொல், இறுதியில் செய்தி. நேரத்தைப் படிப்பது எளிதென்று தோன்றும், அன்று. பல சர்வர்கள் உலகப் பொதுநேரத்தில் எழுதுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நாட்குறிப்பில் நவம்பர் 30, 19 மணி என்று இருந்தால், பாகூரில் அப்போது டிசம்பர் முதல் நாள், நள்ளிரவு கடந்து அரைமணி. மணி மட்டுமன்றித் தேதியும் மாறிவிடுகிறது. இதைக் கவனியாதவர், மின்வெட்டுக்கு முன் நிகழ்ந்ததைப் பின் நிகழ்ந்ததாகக் கொண்டு, காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக்கிவிடுவர்.

தரத்தைக் குறிக்கும் சொற்களும் அகராதிப் பொருளில் வருவதில்லை. போஸ்ட்கிரஸில் 'லாக்' என்றால் நிர்வாகிக்கான சாதாரணச் செய்தி. 'வார்னிங்' எச்சரிக்கை. 'எரர்' என்றால் அந்த ஒரு கட்டளை நிறைவேறவில்லை என்பது பொருள். 'ஃபேட்டல்' என்னும் சொல்லைக் கண்டதும் சர்வரே மாண்டுவிட்டதாக மாணவர் அஞ்சுவர். உண்மையில் அந்த ஒருவருடைய இணைப்பு அறுந்தது என்பதே அதன் பொருள். கடவுச்சொல்லைத் தவறாக இட்டாலும் இச்சொல் வரும். 'பேனிக்' ஒன்றுதான் எல்லா இணைப்புகளும் ஒருங்கே வீழ்ந்ததைக் குறிக்கும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர் வட்டாரம் வெள்ளத்தில் நின்றது. நம் கற்பனைச் சங்கத்தின் கணிப்பொறி அத்தகைய ஓர் இரவில் மின்சாரம் அறுந்து நின்றதென்று கொள்வோம். மின்சாரம் மீண்டதும் நாட்குறிப்பில் வரிசையாகச் சில வரிகள் எழும். தரவுத்தளம் இடையில் தடைப்பட்டது, கடைசியாக இயங்கியது அறியப்படும் நேரம் இன்னது என்பது முதல் வரி. அந்த நேரம் கணிப்பொறி நின்ற நேரம் அன்று. அது தன் நிலையைக் கடைசியாகக் குறித்துவைத்த நேரம் மட்டுமே. முறையாக மூடப்படவில்லை, தானே மீட்புப் பணி நடக்கிறது என்பது அடுத்த வரி. பின்னர், குறிப்பேட்டின் இன்ன இடத்திலிருந்து மறுபடி செய்தல் தொடங்குகிறது என்று வரும். உடனே, பதிவின் நீளம் பிழை, 24 எதிர்பார்க்கப்பட்டது, 0 கிடைத்தது என்றொரு வரி! இதைக் கண்டு கலங்க வேண்டா. அதன் தரம் 'லாக்' என்பதே. எழுதப்பட்ட பக்கங்கள் தீர்ந்து வெற்றுப்பக்கம் வந்துவிட்டது என்பதைத்தான் இயந்திரம் தன் கரடுமுரடான நடையில் சொல்லுகிறது. இறுதியில், இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரி வந்துவிட்டால், மூதாட்டிக்கு விடை கிடைத்தது. வட்டு பழுதுறாதிருந்து, வழக்கமான பாதுகாப்பு அமைப்புகளும் மாற்றப்படாமலிருந்தால், 'ஆயிற்று' என்று சர்வர் உறுதிசொன்ன பதிவுகள் யாவும் உள்ளன. எழுத்தர் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்திருந்தால், அந்த ஒரு பதிவு மட்டும் இராது.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாத்தானம் எனும் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியைச் செப்பேட்டில் பொறித்தார்கள். அரசன் வாய்மொழி ஒன்று, செம்பில் ஏறியது மற்றொன்று. இவ்விரண்டின் இடைவெளிதான் தரவுத்தளத்தில் உறுதிசெய்தலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு.

இவ்வகை மீட்புக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் வேதிப்பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கணினியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவரும் நான்கு துணையாசிரியர்களும் 1992இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் முறை, குறிப்பேட்டை ஆராய்தல், மறுபடி செய்தல், முற்றுப்பெறாததை நீக்குதல் என மூன்று கட்டங்களாக மீட்பை நடத்துகிறது. பல தரவுத்தளங்கள் இதைப் பின்பற்றின. போஸ்ட்கிரஸ் மூன்றாம் கட்டத்தை வேறு விதமாகக் கையாளுகிறது. முற்றுப்பெறாத மாற்றத்தை அழிக்க முற்படாமல், அதை யார் கண்ணுக்கும் படாதபடி விட்டுவிடுகிறது.

நாட்குறிப்பைப் படிப்போர் பெரும்பாலும் வழுவுமிடம் மற்றொன்று. அவர்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறார்கள். பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் வருகிறது. கடைமடை வயலில் நீர் இல்லையென்றால், வயல் வரப்பை வெட்டிப் பார்ப்பதில் பயன் என்ன? மதகைப் பார்த்து, ஏரியைப் பார்த்து, வாய்க்காலின் தலைப்புவரை செல்ல வேண்டும். சர்வரிலும் அப்படித்தான். தரவுத்தளம் மீட்பு நிலையில் உள்ளது என்ற 'ஃபேட்டல்' வரிதான் எழுத்தரின் திரைக்கு வரும். அதுபோல் நூறு வரிகள் இருக்கும். அவற்றுக்கு மேலே, வேறொரு செயல்முறை வீழ்ந்ததால் இந்த இணைப்பு முடிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கைகள். அதற்கும் மேலே ஒரே ஒரு 'பேனிக்': குறிப்பேட்டில் எழுத இயலவில்லை, வட்டில் இடம் இல்லை. நோய் அங்கே இருக்கிறது. கீழேயுள்ள நூறும் அதன் நிழல்கள்.

செய்திகளோடு ஐந்தெழுத்துக் குறியீடு ஒன்றையும் எழுதுமாறு சர்வரைப் பணிக்கலாம். அதன் முதல் இரண்டு எழுத்துகள் இனத்தைக் காட்டும். 53 எனத் தொடங்கினால் வளப் பற்றாக்குறை: 53100 வட்டு நிரம்பியது, 53300 இணைப்புகள் மிகுந்தன. 23 எனத் தொடங்கினால் விதி மீறல். 23505 என்பது, ஒரே எண்ணை இரண்டாம் முறை பதிய முயன்றதைக் குறிக்கும். இது சர்வரின் பிழையே அன்று. ஒரே உறுப்பினர் எண்ணை இருவருக்குக் கொடுக்கவிடாமல் அது காவல் நின்றதன் அடையாளம். 53300 வந்தால் பலர் உடனே இணைப்பு வரம்பை உயர்த்திவிடுவர். போஸ்ட்கிரஸில் இயல்பான வரம்பு 100. அந்த நூற்றையும் பிடித்து வைத்திருப்பவர் யார், வேலை முடிந்தும் கதவை மூடாமல் போன நிரல் எது என்று பார்ப்பதே முறை.

உரக்கக் கூவாத எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு மாற்றப் பரிவர்த்தனைக்கும் ஓர் எண் இடுகிறது; அவ்வெண்கள் சுமார் 400 கோடியில் முடிந்து மறுபடி சுழலும். ஆதலால் பழைய பதிவுகளை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும். செய்யாவிடில், அண்மைப் பதிப்புகளில் நான்கு கோடி எண்கள் எஞ்சியிருக்கும்போதே எச்சரிக்கை எழும். முப்பது லட்சம் எஞ்சியதும் புதிய எண் தர மறுத்துவிடும். 2015இல் சென்ட்ரி என்னும் நிறுவனமும், 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்னும் அஞ்சல் சேவையும் இவ்வெல்லையில் முட்டிச் செயல்குன்றின.

கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. இரவில் களைப்புற்ற பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. மாற்றுப்படிகளைத் தேடினால், நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய படி எடுக்கப்படவே இல்லை. படி எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6. கருவி ஒவ்வொரு முறையும் தோல்வி என்று சொல்லியே நின்றது. அந்தச் செய்தியைச் சுமந்த மின்னஞ்சல்கள், உரிய கையொப்பம் இல்லாமையால், அஞ்சல் வழியிலேயே புறக்கணிக்கப்பட்டன. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு படி தற்செயலாக இருந்ததால் நிறுவனம் பிழைத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. அந்நிறுவனத்தார் மீட்புப் பணியை உலகறிய நேரலையில் காட்டினார்கள். முழு வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்கள். இன்று நாம் அதைப் படிப்பது அந்த நேர்மையால்தான்.

கல்லூரி மாணவர்கள் இதனைத் தம் கணிப்பொறியிலேயே பயிலலாம். போஸ்ட்கிரஸ் விலையின்றிக் கிடைக்கிறது. ஓர் அட்டவணை அமைத்து, ஒரே எண்ணை இருமுறை பதியுங்கள். தவறான கடவுச்சொல் இடுங்கள். செயல்முறையை நடுவில் கொன்றுவிட்டு, மீண்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் நாட்குறிப்பில் எழும் வரிகளைத் தாளில் எழுதி, எது முதல், எது அதன் விளைவு என்று அம்புக்குறி இடுங்கள். நலமாக இயங்கும் நாளின் நாட்குறிப்பையும் ஒருமுறை முழுதும் படித்துவையுங்கள். இயல்பு எது என்று தெரியாதவருக்கு இயல்பல்லாதது கண்ணில் படாது. பிறகு வேலைக்குச் சென்று உண்மையான சர்வரைத் தொடும் நாளில் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: தோற்ற கட்டளையைச் சர்வர் பெரும்பாலும் அப்படியே நாட்குறிப்பில் எழுதிவிடும், அதில் உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் கிடக்கக்கூடும். உதவி நாடி அந்த வரியைப் பிறருக்கு அனுப்புமுன், அவற்றை அடித்துவிட்டே அனுப்ப வேண்டும்.