ஆறு பவுண்டர்: தாமதமாக வந்த பீரங்கி



இரண்டாம் உலகப் போர்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஹிட்லரும் அணுகுண்டும்தான் ஞாபகம் வரும். நான் இங்கே எழுதப்போவது அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சின்னப் பீரங்கியைப் பற்றி. பிரிட்டன் செய்தது. எதிரி டாங்கிகளை உடைப்பதற்கென்றே உருவானது. வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அதன் பெயர் ‘ஆறு பவுண்டர்’.

அதென்ன ஆறு பவுண்டர்?

அந்தக் காலத்தில் பிரிட்டனில் பல பீரங்கிகளுக்கு, அவை சுடும் குண்டின் எடையை வைத்தே பெயர் வைத்தார்கள். இதன் குண்டு ஆறு பவுண்டுக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 2.8 கிலோ. குழாயின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர். இதற்கு முன்பு இருந்தது ‘இரண்டு பவுண்டர்’. அதன் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், குண்டு சுமார் 1.1 கிலோ.

ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேக்கிறீங்களா? நம்ம இயற்பியல் பாடத்தில் வரும் ½mv² போட்டுப் பாருங்க. இரண்டு குண்டுகளும் நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகத்தில் கிளம்பின. நான் கணக்குப் போட்டதில் சின்னதுக்கு சுமார் 3.5 லட்சம் ஜூல், பெரியதுக்கு சுமார் 9 லட்சம் ஜூல் வந்தது. இரண்டரை மடங்கு! டாங்கியின் இரும்புக் கவசத்தைத் துளைப்பது இந்த ஆற்றல்தான்.

அப்போ ஏன் உடனே செய்யலை?

இங்கேதான் விஷயம் இருக்கு. ஆறு பவுண்டருக்கான வேலை 1938-லேயே வூல்விச் ஆயுதச் சாலையில் ஆரம்பித்துவிட்டது. ஆனால் 1940 மே, ஜூன் மாதங்களில் பிரிட்டிஷ் படை பிரான்சில் தோற்று, டன்கிர்க் கடற்கரை வழியாகத் தப்பி வந்தது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், ஆயுதங்கள் வரவில்லை. 500-க்கும் அதிகமான இரண்டு பவுண்டர்கள் அங்கேயே போய்விட்டன. ஜெர்மனி எந்த நாளும் கடல் தாண்டி வரலாம் என்ற பயம்.

அதிகாரிகள் முன்னால் இருந்த கணக்கு இதுதான்: புதிய பீரங்கிக்காகத் தொழிற்சாலையை மாற்றினால் 100 ஆறு பவுண்டர் கிடைக்கும். மாற்றாமல் விட்டால் அதே காலத்தில் 600 இரண்டு பவுண்டர் கிடைக்கும். நீங்களா இருந்தா எதைச் செய்வீங்க? அவர்கள் 600-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு பவுண்டர் தயாரிப்பு 1941 நவம்பரில்தான் தொடங்கியது. நீளமான குழாயைக் கடைவதற்கு ஏற்ற லேத் மெஷின்கள் போதாததால், முதலில் குழாயைக் கொஞ்சம் குட்டையாகவே செய்தார்கள்.

அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த சிப்பாய்கள். ஜெர்மன் டாங்கிகளின் முன்பக்கக் கவசம் தடித்துக்கொண்டே போனது. இரண்டு பவுண்டர்காரர்கள் டாங்கி ரொம்பக் கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டாங்கிகளோ தூரத்தில் நின்றபடியே வெடிகுண்டு வீசின. தொலைதூரம் சுட வேண்டிய 25 பவுண்டர் பீரங்கிகளையும் டாங்கிகளுக்கு எதிராக நிறுத்த வேண்டி வந்தது. ஆறு பவுண்டர் 1942 மே மாதம் கசாலாப் போரில்தான் களத்துக்கு வந்தது.

‘ஸ்னைப்’பில் ஒரு நாள்

1942 அக்டோபர் 26 இரவு. இடம் எகிப்தின் எல் அலமைன். லெப்டினன்ட் கர்னல் விக்டர் டர்னர் தலைமையில் சுமார் 300 பேர், 19 ஆறு பவுண்டர்களோடு ‘ஸ்னைப்’ என்று பெயரிட்ட ஒரு பள்ளத்தைப் பிடித்தார்கள். விடிந்ததும் ஜெர்மன், இத்தாலிய டாங்கிகள் அலை அலையாக வந்தன. பீரங்கி தாழ்வாக இருந்ததால் மணலில் மறைந்திருந்தது. டாங்கிகள் கிட்டே வரும்வரை பொறுத்திருந்து, முடிந்தபோதெல்லாம் பக்கவாட்டில் சுட்டார்கள். பக்கவாட்டில்தானே கவசம் மெல்லிசு!

ஒரு கட்டத்தில் சார்ஜென்ட் காலிஸ்டனின் பீரங்கியில் ஆள் போதவில்லை. கர்னல் டர்னரே குண்டு எடுத்துப் போட்டார். பிறகு தலையில் காயம் பட்டது. குண்டுகளும் தீரும் நிலை. ஒரு லெப்டினன்ட் ஜீப்பில் போய் குண்டுகளைக் கொண்டுவர, அந்த ஜீப் சுடப்பட்டுத் தீப்பிடித்தது. குண்டுகளை இறக்கியதும் காலிஸ்டன் மூன்று முறை சுட்டார், மூன்று டாங்கிகள் நின்றன. அப்புறம் எரியும் ஜீப்பின் சூட்டிலேயே டீ போட்டார்களாம்!

பின்னால் விசாரணைக் குழு வந்து எண்ணிப் பார்த்தபோது, அழிந்த டாங்கிகள் குறைந்தது 32 என்று முடிவு செய்தது. டர்னருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. அந்த டாங்கிகளுக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறந்து எழுதவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

* அமெரிக்காவும் இதே பீரங்கியைச் செய்தது. அங்கே பெயர் 57 மி.மீ. எம்1.
* 1944-ல் நார்மண்டியிலும் ஆர்ன்ஹெமிலும் இதை கிளைடர் விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். அதற்காகவே வண்டிப் பகுதியின் அகலத்தைக் குறைத்தார்கள்.
* 1944-ல் வந்த புதிய குண்டில் நடுவே மெல்லிய டங்ஸ்டன் தண்டு, சுற்றிலும் லேசான உறை. குழாயை விட்டதும் உறை கழன்று விழும், தண்டு மட்டும் நொடிக்கு சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் போகும். விரலால் அழுத்தினால் காகிதம் கிழியாது, ஊசியால் குத்தினால் கிழியும் இல்லையா? அதே தத்துவம்தான்.

போர் முடிந்தபின் இழுத்துச் செல்லும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளின் காலம் பிரிட்டனில் மெல்ல முடிந்தது. தடித்த கவசத்துக்குப் பெரிய பீரங்கி வேண்டும். பெரிதானால் ஆட்களால் தள்ள முடியாது. லேசான புது ஆயுதங்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

1940-ல் எடுத்த அந்த முடிவு சரியா? எனக்குச் சரி என்றுதான் படுகிறது. வாசலில் எதிரி நிற்கும்போது வெறுங்கையோடு இருக்க முடியாது. ஆனால் டன்கிர்க்குக்கு முன்பே, அமைதியாக இருந்த நாட்களில் அவசரம் காட்டியிருந்தால் அப்படி ஒரு கணக்கே போட வேண்டி வந்திருக்காது. நீங்க என்ன நினைக்கிறீங்க? கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்க.

— பதினோராம் வகுப்பு மாணவன்